மாங்காய் வண்டிகளும் காலி வரிகளும்

அந்த ஆபீசுக்கு முதலில் போனது நான்தான். என் தங்கச்சி எனக்குப் பின்னால் வந்தவள். மேனேஜரிடம் அவளைப் பற்றிச் சொல்லி இன்டர்வியூவுக்கு வரவழைத்ததும் நான்தான். நைனா, எங்கள் அப்பா, கேட்டார் என்று செய்தேன். செய்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் சேர்ந்து கொஞ்ச நாளிலேயே அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

எங்கள் ஊர் புத்தலப்பட்டுக்கும் பாகாலாவுக்கும் நடுவில் இருக்கிறது. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. நைனா வாலிபத்தில் அடுத்தவர் தோப்பில் கூலிக்கு மாங்காய் பறித்தவர். பிறகு கொஞ்சம் நிலம் கைக்கு வந்தது, தோதாபுரி மாங்கன்று வைத்தார். மரங்கள் காய்க்க ஆரம்பித்தபோது தங்கச்சிக்குப் பள்ளிக்கூடம் போகிற வயசு. கையில் கொஞ்சம் காசு புரண்டதால் அவளைச் சித்தூரிலிருந்து வரும் வேனில் ஏற்றி இங்கிலீஷ் மீடியத்துக்கு அனுப்பினார்கள். நான் அதற்குள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தெலுங்கு மீடியத்தில் பாதி வகுப்புகளைத் தாண்டியிருந்தேன். நடுவில் மாற்றினால் குழம்பிவிடுவேன் என்று அங்கேயே விட்டுவிட்டார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் வேனில் ஏறி உட்கார்ந்து டை கட்டிய கழுத்தோடு எனக்குக் கை காட்டுவாள். நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பேன்.

அவளுக்குக் கிடைக்காமல் எனக்குக் கிடைத்தது தமிழ் எழுத்து. அம்மா குடியாத்தம் பக்கம். சின்ன வயசில் எனக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். தங்கச்சிக்கு ஹோம்வொர்க்கே இடுப்பை ஒடித்ததால் அவளை விட்டுவிட்டாள். அவள் தமிழ் பேசுவாள், படிக்க வராது. அதை ஒரு சொத்தாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பஸ் போர்டு படிக்க உதவும், அவ்வளவுதான்.

ஆபீஸ் திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடி. ஹாஸ்டல்கள், கல்யாண மண்டபங்கள், சின்ன ஃபேக்டரிகள் இவற்றுக்கெல்லாம் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிற இடம். நான் டிகிரி முடித்து, பைதான் ஒரு கோச்சிங் சென்டரில் கற்றுக்கொண்டு, முட்டி மோதி அங்கே நுழைந்தேன். எனக்குப் புரிய இரண்டு நாள் ஆவது தங்கச்சிக்கு டீ குடிக்கிற நேரத்தில் புரிந்துவிடும். இங்கிலீஷில் வரும் எர்ரர் மெசேஜை நான் ஒவ்வொரு வார்த்தையாகக் கூட்டிப் படிப்பேன். அவள் அதைப் பத்திரிகைத் தலைப்பு போலப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். மேனேஜர் அவளைத் தெலுங்கில் "சின்ன அம்மாயி", சின்னப் பொண்ணு, என்பார். என்னைப் பெரிய அம்மாயி என்று அழைக்க ஆரம்பித்ததே அவள் வந்த பிறகுதான். அதுவரைக்கும் நான் வெறும் அம்மாயி.

தினமும் இருவரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வருவோம். ஒரே டிபன் கேரியர். மேல் அடுக்கில் சோறு, கீழே குழம்பு. அவள் பேசிக்கொண்டே வருவாள், நான் ஜன்னல் வழியே சந்திரகிரி மலையைப் பார்த்துக்கொண்டு வருவேன்.

மாங்காய் சீசனுக்கு முன்னால் சித்தூரிலிருந்து ஒரு மாங்கூழ் ஃபேக்டரி எங்கள் ஆபீசுக்கு வந்தது. சீசனில் அவர்கள் கேட்டில் டிராக்டரும் லாரியும் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். எந்த வண்டி முந்தி வந்தது என்று சண்டை. அதனால் டோக்கன் முறை கொண்டுவர நினைத்தார்கள். மண்டிக்காரர்களும் ஊர்ப் பெரியவர்களும் நாளைக்கு வரப்போகும் வண்டிகளின் நம்பர்களை முதல் நாளே வாட்ஸாப்பில் அனுப்பிவிடுவார்கள், ஒரு வரிக்கு ஒரு வண்டி. கேட் கிளார்க் அந்த மெசேஜை அப்படியே காப்பி செய்து எங்கள் ஸ்கிரீனில் ஒரு பெரிய பெட்டிக்குள் போட்டு பட்டனை அமுக்கினால், ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு டோக்கன் வரவேண்டும். மறுநாள் வண்டி கேட்டுக்கு வந்ததும் கிளார்க் அதன் நம்பரைத் தட்டுவார். லிஸ்டில் இருந்தால் கேட் திறக்கும்.

மேனேஜர் இந்த வேலையை எனக்குக் கொடுத்தார். தங்கச்சிக்கு அப்போது கையில் வேறு வேலை இருந்தது. அதனால்தான் எனக்கு வந்தது என்று உள்ளுக்குள் தெரிந்தும் நான் தெரியாத மாதிரி இருந்தேன். முதல் தடவையாக முழுசாக ஒன்று என் கையில். அதுவும் மாங்காய் சம்பந்தப்பட்டது. நைனாவின் காயும் அந்த ஃபேக்டரிக்குத்தான் போகும்.

பெட்டிக்குள் போடும் பல வரிகளை ஒரு லிஸ்டாக உடைப்பது பெரிய வித்தை இல்லை. வரி முடியும் இடத்தில் கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரிகிற ஓர் அடையாளம் இருக்கும். அந்த அடையாளத்தைக் காட்டி "இங்கே உடை" என்று சொன்னால் போதும். ஸ்ப்ளிட் என்று ஒரே ஒரு வார்த்தை. நான் புரோகிராம் கோடுக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு நம்பர்களை வரி வரியாக எழுதி ஓட்டிப் பார்த்தேன். அழகாக உடைந்து லிஸ்டாக நின்றது. மேனேஜருக்குக் காட்டினேன். ஃபேக்டரி ஆட்கள் வந்தபோதும் காட்டினேன். ஸ்கிரீனில் நம்பர்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக வரிசையாக வந்தன. அவர்கள் தலையாட்டினார்கள். மேனேஜர் எனக்கும் சேர்த்து லஸ்ஸி சொன்னார். அன்றைக்கு பஸ்ஸில் நான்தான் அதிகம் பேசினேன். தங்கச்சி கேட்டுக்கொண்டு வந்தாள்.

டோக்கன் ஆரம்பித்த அன்றைக்குக் காலையில் எழுந்து அடுப்படிக்கு வருவதற்குள் மேனேஜரின் போன். வரும் வண்டி எதையும் ஸ்கிரீன் ஏற்கவில்லை, நம்பர் தட்டினால் லிஸ்டில் இல்லை என்கிறது, கேட் மூடிக்கிடக்கிறது, ரோடு முழுக்க டிராக்டர் என்றார். உடனே சித்தூருக்குப் போங்கள் என்றார். போங்கள் என்றது இரண்டு பேரையும். "சின்ன அம்மாயியைக் கூட்டிக்கினு போ" என்பதை அவர் போனை வைப்பதற்கு முன்னால் தனியாகச் சொன்னார்.

திருப்பதி பக்கம் போகிற நாங்கள் அன்றைக்கு எதிர்ப்பக்கம் நின்று சித்தூர் பஸ் ஏறினோம். ஃபேக்டரிக்கு வெகு முன்னாலேயே வரிசை ஆரம்பித்துவிட்டது. டிராக்டர் நிழலில் ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்கள். காய் வெயிலில் கிடந்து புளித்த வாசனை. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். நடுவில் ஒரு டிராக்டர் மேல் எங்கள் நைனா. முந்தின நாள் சாயந்திரமே பக்கத்து வீட்டுக்காரர் டிராக்டரில் காயை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். எங்களைப் பார்த்ததும் இறங்கி வந்தார்.

"கம்ப்யூட்டர் பூட்ச்சின்னு சொல்றானுங்கம்மா. நீங்க இன்னா இந்தப் பக்கம்?"

அதைச் சரி பண்ணத்தான் வந்திருக்கிறோம் என்று தங்கச்சி சொன்னாள்.

கேட்டுக்குப் பக்கத்தில் எடை மேடை, அதை ஒட்டி ஒரு சின்ன ரூம். கிளார்க் நடுத்தர வயசு, கோபத்தை அடக்கிக்கொண்டு பேசுகிறவர். தெலுங்கில் "பாருங்க மேடம்" என்று நாற்காலியைக் கொடுத்தார். லிஸ்டைத் திறந்தேன். நம்பர்கள் எல்லாம் இருந்தன. வெளியே முதலில் நிற்கும் லாரியின் நம்பர் லிஸ்டில் முதலாவதாகக் கண்ணெதிரே இருந்தது. அதே நம்பரைத் தட்டினேன். இல்லை என்றது. மறுபடி தட்டினேன், எழுத்து எழுத்தாக. இல்லை. போதாததற்கு, நடுநடுவே நம்பரே இல்லாத டோக்கன்கள் வேறு. எந்த வண்டிக்கும் சொந்தமில்லாத வெறும் டோக்கன்.

ஜன்னலுக்கு வெளியே டிரைவர்கள் கூடிவிட்டார்கள். ஸ்கிரீனில் இருப்பது எதுவும் எனக்கு மூளைக்குள் போகவில்லை. தங்கச்சி என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாக, "அக்கா, கொஞ்சம் நவுரு" என்றாள்.

நான் நகர்ந்தேன்.

அவள் லேப்டாப்பைத் திறந்து, லிஸ்டில் இருப்பதை அதன் மறைந்த அடையாளங்களோடு அப்படியே எழுத்தாகக் காட்டச் சொன்னாள். அப்போது தெரிந்தது. ஒவ்வொரு நம்பரின் கடைசியிலும் ஒரு சாய்வுக் கோடும் ஓர் இங்கிலீஷ் ஆர் எழுத்தும் தொங்கிக்கொண்டிருந்தன.

"வாலு பாரு" என்றாள்.

ஸ்கிரீனில் இருக்கும் பெட்டியிலிருந்து வருகிற எழுத்தில் ஒவ்வொரு வரி முடிவிலும் ஓர் அடையாளம் அல்ல, ஒட்டினாற்போல் இரண்டு அடையாளங்கள் வரும். நான் ஒன்றை மட்டும் காட்டி உடைத்திருந்தேன். மற்றது நம்பரோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கம்ப்யூட்டருக்கு வால் இல்லாத நம்பரும் வாலுள்ள நம்பரும் வேறு வேறு. கோடுக்குள்ளேயே எழுதிச் சோதித்த எனக்கு அந்த இரண்டாவது அடையாளம் வரவே இல்லை. பெட்டிக்குள் போட்டபோதும் லிஸ்டைக் கண்ணால் பார்த்தேனே தவிர, ஒரு நம்பரைத் தட்டித் தேடிப் பார்க்கவில்லை. மெசேஜில் ஆட்கள் விட்டிருந்த காலி வரிகளும் வண்டிகளாகிவிட்டன.

அவள் ஒரே வரியை மாற்றினாள். எந்த அடையாளம் வந்தாலும் வரி முடிவு என்று எடுத்துக்கொள். இரண்டு பக்கமும் ஒட்டியிருப்பதைச் சீவு. காலியாக இருந்தால் தூக்கி எறி. இவ்வளவும் அந்த ஒரு வரிக்குள். கிளார்க்கிடம் மெசேஜைத் திரும்பப் போடச் சொன்னாள். முதல் லாரியின் நம்பரைத் தட்டினார். பச்சை வந்தது. வெளியே கேட் இழுக்கும் சத்தம் கேட்டது. டிரைவர்கள் ஓடினார்கள்.

கிளார்க்கின் முகம் தளர்ந்தது. டீ சொன்னார். ஜன்னல் பக்கம் நைனா வந்து நின்றிருந்தார். எந்த ஊர்ப் பொண்ணு என்று யாரோ கேட்டதற்கு, "எம் பொண்ணு. எம் பொண்ணுதான் கேட்டத் தொறந்தது" என்றார். அவர் கை தங்கச்சியைக் காட்டியது. நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் சேர்த்துத்தான் டீ வந்தது. குடித்தேன், ருசி தெரியவில்லை.

அந்த வாரம் முழுக்க ஊரில் இதே பேச்சு. வரிசையில் நின்ற டிராக்டர்காரர்களில் பாதிப்பேர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். தண்ணீர் பிடிக்கப் போனால் உன் தங்கச்சியாமே என்றார்கள். ஆமாம் என்றேன். அம்மா அவளுக்கு மட்டும் முட்டை போட்டாளா என்று தட்டைப் பார்த்தேன். இரண்டு தட்டிலும் முட்டை இருந்தது. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லையே.

நாங்கள் கோடில் செய்யும் மாற்றங்களையெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டர் சேர்த்துவைக்கும். எடுத்த வரி சிவப்பில், போட்ட வரி பச்சையில் தெரியும். அவள் சித்தூரில் செய்த அந்த மாற்றத்தை நான் அடிக்கடி திறந்து பார்த்தேன். சிவப்பில் என் வரி. பச்சையில் அவள் வரி. பக்கத்தில் அவள் பெயர். இரண்டு வரிக்கும் நீளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. என்னால் அதை எழுதியிருக்க முடியாதா என்று கேட்டுக்கொள்வேன். முடிந்திருக்கும். யாராவது வாலைக் காட்டியிருந்தால் முடிந்திருக்கும். அவளுக்கு யாரும் காட்டவில்லை என்பதும் அப்போதே ஞாபகம் வந்து தொலைக்கும்.

ஒருநாள் தோப்பில் நைனா தனியாக இருந்தபோது போய்ச் சொன்னேன். "அந்த ஸ்கிரீன் முழுக்க நான் எழுதுனது நைனா. அவ மாத்துனது ஒரு வரி."

அவர் கயிற்றை முறுக்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். "அது நின்னு பூட்ச்சே கண்ணு" என்றார். கேலி இல்லை, கோபமும் இல்லை. டிராக்டர் நின்றுபோனதைச் சொல்கிற மாதிரி சொன்னார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மேனேஜர் ஃபேக்டரி வேலையைத் தங்கச்சியிடம் மாற்றினார். எனக்கு போன் கொடுத்தார். கேட்டிலிருந்தும் மண்டிகளிலிருந்தும் வரும் போன்களை நான் எடுத்துப் பேசவேண்டும். பெரிய அம்மாயிக்குத் தெலுங்கும் தமிழும் நன்றாக வருகிறது, ஜனங்களோடு பேசத் தெரிகிறது என்றார். எனக்கு எதிரே உட்கார்ந்து அவள் கோடு எழுத, நான் "சொல்லுங்கண்ணா, எந்த வண்டி" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அவள் தலையை லேசாக ஆட்டிக்கொண்டு வேலை செய்வாள். அந்தத் தலையாட்டலைக்கூட என்னால் பார்க்க முடியவில்லை. மானிட்டரைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டேன்.

சீசன் ஏறியதும் குடியாத்தம், காட்பாடி பக்கத்து மண்டிகளிலிருந்தும் காய் வர ஆரம்பித்தது. அப்போது கிளார்க் என்னிடம் புலம்ப ஆரம்பித்தார். அந்தப் பக்கத்து மெசேஜைப் போட்டால் ஒரு வண்டிக்கு மூன்று நான்கு டோக்கன் வருகிறது, டிரைவர் போன் நம்பரே ஒரு வண்டியாகிவிடுகிறது என்றார். தங்கச்சியிடம் சொன்னேன். ஒரு வரிக்கு ஒரு வண்டி என்றுதானே பேச்சு, அவர்களை ஒழுங்காக அனுப்பச் சொல்லு என்றாள். நான் மண்டிகளுக்கு போன் போட்டுச் சொன்னேன். சரிம்மா என்பார்கள். மறுநாளும் அப்படியே அனுப்புவார்கள்.

அந்த மெசேஜ்களை எனக்கு ஃபார்வர்ட் செய்யச் சொன்னேன். தமிழில் இருந்தன. தங்கச்சிக்கு அவை வெறும் கோடும் சுழியும். நான் படித்தேன். ஒருவர் வண்டி நம்பர் எழுதி, கீழே டிரைவர் பெயர், அதன் கீழே போன், அதன் கீழே ஊர் எழுதியிருந்தார். இன்னொருவர் ஊரை முதலில் எழுதி, தோப்புக்காரர் பெயரைப் போட்டு, வண்டி நம்பரைக் கடைசியில் வைத்திருந்தார். ஆளுக்கொரு மாதிரி. ஆனால் எல்லாரும் ஒரு வண்டியின் சங்கதி முடிந்ததும் ஒரு வரியைக் காலியாக விட்டிருந்தார்கள். பார்த்ததும் எனக்குப் புரிந்தது. அவர்கள் ஒழுங்காகத்தான் எழுதுகிறார்கள். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் இருக்கிற வரப்புதான் அந்தக் காலி வரி. தங்கச்சியின் பச்சை வரி எல்லாக் காலி வரிகளையும் தூக்கி எறிகிறது. வரப்பை எடுத்துவிட்டால் எல்லாம் ஒரே நிலம்தானே.

எழுந்து நேராக மேனேஜரிடம் போனேன். முதலில் காலி வரி இருக்கும் இடத்தில் பெரிய துண்டுகளாக உடைக்கவேண்டும், அப்புறம் ஒவ்வொரு துண்டையும் வரி வரியாக உடைத்து, எந்த வரி வண்டி நம்பர் போல இருக்கிறதோ அதை வண்டியாகவும் மற்றதை அதன் விவரமாகவும் வைக்கவேண்டும் என்று சொன்னேன். ஒரே துண்டில் பல வண்டி நம்பர்கள் இருந்தால் ஒவ்வொன்றும் தனி வண்டி. அப்படிச் செய்தால் பழைய மாதிரி அனுப்புகிறவர்களுக்கும் சரியாக வரும். அவர் முழுசாகக் கேட்டார். ரொம்ப நல்ல யோசனை என்றார். அடுத்து, "சின்ன அம்மாயிக்குச் சொல்லும்மா, செய்துவிடுவாள்" என்றார்.

சாயந்திரம் பஸ்ஸில் அவளுக்குச் சொல்லவில்லை. சந்திரகிரி தாண்டியது. பாகாலா திருப்பம் வந்தது. சொன்னால் அவள் அரை மணி நேரத்தில் எழுதிவிடுவாள், மறுபடி அவள் பெயர் பச்சையில் வரும். சொல்லாவிட்டால் மறுநாள் கேட்டில் மறுபடி வண்டிகள் நிற்கும். இறங்குகிற இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கண்ணை விரித்துக் கேட்டாள்.

"சூப்பர்க்கா. எனக்குத் தோணவேயில்ல."

"அத நான் எழுதறேன்" என்றேன்.

"எழுதேன்" என்றாள்.

அவ்வளவு லேசாகச் சொன்னாள். டிபன் கேரியரை நீ தூக்கிக்கோ என்கிற மாதிரி. இந்த ஒரு வார்த்தைக்காக நான் திருப்பதியிலிருந்து மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அவளுக்கு விட்டுக்கொடுப்பதற்கு நிறைய இருந்தது, அதனால் எதை விட்டுக்கொடுத்தாலும் வலிக்கவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிகம் எரிந்தது.

மறுநாள் போன்களுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதினேன். இந்தத் தடவை கோடுக்குள் எழுதிச் சோதிக்கவில்லை. மண்டிகளின் நிஜ மெசேஜ்களையே பெட்டிக்குள் போட்டு, ஒவ்வொரு நம்பரையும் தட்டித் தேடிப் பார்த்தேன். காலி வரி என்று ஆட்கள் நினைத்து விட்ட சில வரிகளில் ஸ்பேஸ் இருந்தது. பார்வைக்குக் காலி, உள்ளே காலியில்லை. அதையும் பிடித்தேன். தங்கச்சி ஒரு தடவை எட்டிப் பார்த்து, "இத இன்னும் சின்னதா எழுதலாங்கா" என்றாள். வேண்டாம் என்றேன். நீளமாகவே இருக்கட்டும்.

அது ஓடியது. முதல் நாளே சரியாக ஓடியது. நான் கிளார்க்கின் போனுக்காகக் காத்திருந்தேன், நன்றி சொல்வார் என்று. போனே வரவில்லை. சரியாக ஓடுகிற ஒன்றைப் பற்றி யாரும் போன் பண்ணமாட்டார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கேட் நின்றுபோய், ஆயிரம் கண் பார்க்க, ஒரு வரியில் அதைத் திறந்தவள் அவள். கேட் நிற்காமல் பார்த்துக்கொண்டவள் நான். நைனாவிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

சீசன் முடிந்து கொஞ்ச காலத்தில் தங்கச்சிக்கு பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது. எங்களுக்கே தெரியாமல் போனில் இன்டர்வியூ கொடுத்திருக்கிறாள். வீட்டில் அன்றைக்கு பாயசம். துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள் என்று கேட்டேன். வேலையில் பார்த்த ஒரு தப்பையும், அது எப்படிச் சரியானது என்பதையும் சொல்லச் சொன்னார்களாம். மாங்காய் கேட் கதையை முழுசாகச் சொன்னாளாம், காலி வரி வரைக்கும். அவர்களுக்கு ரொம்பப் பிடித்ததாம்.

"காலி வரிய யார் கண்டுபிடிச்சான்னு சொன்ன?"

"எங்கக்கான்னு சொன்னேன்."

எனக்குள் ஏதோ இளகியது. அவள் ஒரு சுடிதாரை உதறி மறுபடி மடித்தாள். நான் கேட்டிருக்க வேண்டாம். கேட்டுவிட்டேன்.

"மொதல்ல நடந்த தப்பு?"

"அதுவும் எங்கக்கான்னுதான் சொன்னேன்" என்றாள். பொய் சொல்லத் தெரியாதவள். "கேட்டாங்களேக்கா."

என் தப்பையும் என் திருத்தத்தையும் சொல்லி அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அம்மா கூப்பிட்டாள் என்று எழுந்து போய்விட்டேன். அம்மா கூப்பிடவில்லை.

அவள் கிளம்பிய அன்றைக்கு நைனாவும் நானும் சித்தூர் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போனோம். பெங்களூர் பஸ்ஸில் பெட்டியை ஏற்றிவிட்டு இறங்கிய நைனா துண்டால் முகத்தைத் துடைத்தார். வியர்வை என்று நினைத்தேன். அழுதுகொண்டிருந்தார். நான் முதன்முதலில் திருப்பதிக்கு வேலைக்குப் போன காலையில் அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு, பார்த்துப் போ என்று திரும்பாமலே சொன்னார். சாயந்திரம் திரும்பி வந்துவிடுகிற பெண்ணுக்கு யார் அழுவார்கள்? அது புரியாமல் இல்லை. ஆனாலும் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவர் டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, "நீயும் அந்த மாதிரி பூடுவியா?" என்று கேட்டார்.

"போவட்டுமா நைனா?"

அவர் யோசித்தார். "குடியாத்தம் வண்டிக்காரன் ஒருத்தன் சொல்லிக்கினு இருந்தான். போன எடுக்கற அந்தப் பொண்ணு கீதே, அது இருந்தா ஒண்ணும் நிக்காதுன்னு. நீன்னு அவனுக்குத் தெரியாது."

"நீ சொன்னியா?"

"இல்ல. கேட்டுக்கினு இருந்தேன்."

அது பாராட்டா, போகாதே என்பதா, வெறும் சேதியா என்று எனக்குப் பிடிபடவில்லை. எம் பொண்ணுதான் என்று அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று மட்டும் தோன்றியது. கேட்கவில்லை. போன் அதிர்ந்தது. தங்கச்சி மெசேஜ் அனுப்பியிருந்தாள், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி. ஜன்னல் ஸீட் கிடைத்ததாம், பஸ் பலமனேர் மலை ஏறுகிறதாம், நல்ல காற்றாம். அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது. பார்த்துப் போ என்று பதில் போட்டேன்.